பனி வெளியே, வஞ்சிரம் உள்ளே

பாலிதீன் ஷீட்டைச் சுவரின் எந்தப் பக்கம் போடுவது என்று முடிவான அன்று அங்கே நான் இருந்தேன், மேஸ்திரி இருந்தார், கட்டடத்தின் முதலாளி இருந்தார். முதலாளியின் மனைவி மோர் கொடுத்துவிட்டு டம்ளர்களுக்காக நின்றுகொண்டிருந்தார். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் கான்ட்ராக்டர். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஏசி வேலையாகப் போயிருந்தார். அங்கே செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நான் நான்கு முறை அடித்தேன். நான்கு முறையும் அது செக்யூரிட்டியின் மேஜை டிராயருக்குள் பாடியிருக்க வேண்டும். இன்னொருவர் கோவளத்து மீன்கார அக்கா. நாங்கள் கட்டிக்கொண்டிருந்த குளிர் அறைக்குள் இருக்கப்போவது அவருடைய மீன். ஆக, விஷயம் தெரிந்தவரும் இல்லை, நஷ்டப்படப் போகிறவரும் இல்லை. மற்ற எல்லோரும் இருந்தோம்.

கட்டடம் வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில், மாம்பாக்கத்துக்குச் சற்று முன்னால் இருந்தது. முதலாளியின் குடும்பம் அந்த ஊரில் நெல் போட்ட குடும்பம். அந்த வருடங்களில் அந்தப் பக்கம் நெல்லைவிட ஃபிளாட் நன்றாக விளைந்தது. விற்றது போக மூலையில் மிஞ்சிய துண்டில் அவர் ஒரு கோல்டு ரூம் கட்டினார். இருபதடிக்குப் பதினைந்தடி. உள்ளே எப்போதும் மைனஸ் பதினெட்டு டிகிரி இருக்க வேண்டும். வெளியே இருப்பது நம் வெயில். இரண்டுக்கும் நடுவில் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் காப்பு வேலை எங்களுடையது.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான்தான். அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்ததும் எண்ணெய்ப் பேப்பரை என்னிடம் நீட்டி, "இன்னா போட்டுக்கீது, படி" என்பார். நான் எதைப் படித்துச் சொன்னாலும் நம்புவார். அப்படி நம்பப்பட்டு வளர்ந்ததில் எனக்கும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. அச்சில் இருந்தால் நானும் நம்பிவிடுவேன்.

அன்று என் கையில் இருந்த புத்தகம், தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பழைய புத்தகக்காரரிடம் எடை போட்டு வாங்கியது. குளிர் நாடுகளில் ஆபீஸ், கடை, பள்ளிக்கூடம் போன்ற கட்டடங்களுக்கு வெப்பக் காப்பு போடுவது எப்படி என்று சொல்லும் தடித்த இங்கிலீஷ் புத்தகம். நாங்கள் கட்டுவது குளிர் அறை. புத்தகம் குளிர் நாட்டுக்கானது. ஜாதகத்தில்கூட இவ்வளவு பொருத்தம் அமையாது என்று நினைத்தேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். காற்றில் இருக்கும் ஈரம் காப்புக்குள் நுழைந்தால் தண்ணீராகிவிடும், அதைத் தடுக்க ‘வேப்பர் பேரியர்’ என்று ஒரு ஷீட் வேண்டும், அந்த ஷீட் அறையைப் பார்த்த பக்கம் இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. படமும் இருந்தது.

மேஸ்திரியின் வழி வேறு. அவர் செங்கல் சுவரில் முதலில் காய்ச்சிய தாரைப் பூசுவார். சூடு ஆறுவதற்குள் தெர்மகோல் பலகையை அதில் வைத்து அழுத்துவார். அதன்மேல் இன்னொரு அடுக்கு. உள்பக்கம் அலுமினியத் தகடு. ஷீட் எங்கே என்று கேட்டால், "தாருதான் ஷீட்டு" என்பார். கூரையையும் தரையையும் அப்படித்தான் முடித்திருந்தார். சுவர்கள் மட்டும் பாக்கி இருந்தபோதுதான் நான் புத்தகத்தோடு போய்ச் சேர்ந்தேன். மேஸ்திரி என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். முதல் நாளிலிருந்தே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘புக்கு’ என்றுதான்.

"இன்னா புக்கு, இன்னா சொல்றான் வெள்ளக்காரன்?"

"ஷீட்டு உள்பக்கம் வரணும்ணா. படம் போட்டே சொல்லியிருக்கான்."

மேஸ்திரி கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல பனி வெளிய கொட்டிகினு கீது."

"ஆமா."

"கோட்டு போட்ட ஆளு உள்ள குந்திகினு டீ குடிக்கிறான்."

"ஆமாண்ணா."

"நம்ம ரூம்ல பனி உள்ள. டீ குடிக்கிற நாம வெளிய."

"அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

கேள்வி அவ்வளவு எளிமையாக இருந்ததால் அதில் விஷயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கிலீஷில் கேட்டிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன்.

முதலாளி புத்தகத்தைக் கையில் வாங்கி, அட்டையின் வழவழப்பைத் தடவினார். "ஃபாரின் புக்காப்பா?"

"ஆமா சார்."

"அப்ப இதுல இருக்கிற மாதிரியே பண்ணிடுங்க. தார் நாத்தம் வீட்டுக்குள்ள வருதுன்னு இவங்க வேற தினமும் சொல்லிட்டிருக்காங்க."

இவங்க என்பது டம்ளருக்காக நின்ற அவர் மனைவி. "ஆமாம்ப்பா, துணியெல்லாம் தார் வாசனை" என்றார். மூன்றுக்கு ஒன்று. மேஸ்திரி மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார்.

வடக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று சுவர்களைப் புத்தகப்படி செய்தோம். தார் இல்லாமல் மரச்சட்டம் அடித்து, அதற்குள் தெர்மகோலைச் செருகி, அறையைப் பார்த்த பக்கம் பாலிதீனை ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்து, மேலே தகட்டை ரிவெட் அடித்தோம். நான் பாலிதீனைக் கல்யாண வேட்டி மாதிரி நீவி நீவி விட்டேன். நான்காவது சுவருக்கு ரிவெட் தீர்ந்துபோனது. வாங்கி வர கிண்டிக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் இல்லை, இன்னொரு கடையில் ஆள் சாப்பிடப் போயிருந்தார். மறுநாள் காலை வந்து பார்த்தால் கிழக்குச் சுவர், மற்ற மூன்றைப் போலவே மேலே பாலிதீன் போர்த்தி, தகடு வைக்கத் தயாராக நின்றது.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களாண்ணா?"

"நீ இல்லல்ல. படிச்சுப் பாக்குற நேரம் மிச்சம்."

"தார் வாசனை வருதே?"

"தரையில ஒரு ஓட்ட இருந்துச்சு, அடச்சேன்."

தகட்டை அடித்து மூடினோம். அந்த வாரக் கடைசியில் கான்ட்ராக்டர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஈரம் தடுக்கறதுக்குப் போட்டாச்சா?" என்று கேட்டார். "போட்டாச்சு சார்" என்றேன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. தப்பான பக்கத்தில் போடவும் ஒருவன் இருப்பான் என்று அந்த நல்ல மனிதருக்குத் தோன்றவே இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு நான்கு நாள் முன்னால் அக்கா டெம்போவில் வந்து இறங்கினார். வஞ்சிரம், வவ்வால், சங்கரா. ஒவ்வொரு கூடையும் உள்ளே போகும்போது கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாப்பத்தஞ்சு நாளு விசைப்படகு போவாது. ஒரு மாசத்துல வஞ்சிரம் வெலை எகிறும். அப்போதான் நான் கதவ தொறப்பேன். அது வரைக்கும் இது கல்லு மாரி கெடக்கணும். நாலு பொம்பளைங்க என்னை நம்பி அவங்க மீனையும் சேத்துக் குடுத்துகிறாங்க. கெட்டுப்போச்சுன்னா நான் கோவளம் பஸ்ஸுல ஏற முடியாது கண்ணு."

"கெடாதுக்கா. புக்கு பாத்துப் பண்ணியிருக்கோம்."

"மீனு புக்கு படிக்குமா?"

மேஸ்திரி எங்கோ பார்த்துக்கொண்டு பீடியைப் பற்றவைத்தார்.

பத்து நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. வெயில் கொளுத்தத் தொடங்கியதும் முதலாளியின் சொந்தக்காரர்களுக்கு அந்த அறைமேல் திடீரென்று அக்கறை வந்தது. மச்சினர் வந்து "செக்" பண்ணினார். மச்சினரின் மச்சினர் வந்தார். முதலாளி ஊட்டி டூர் போனபோது வாங்கிய குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு, வஞ்சிரத்துக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அவர் மனைவி இட்லி மாவு புளிக்காமல் இருக்கட்டும் என்று ஒரு தூக்கு உள்ளே வைத்தார். மறுநாள் மாவு, தூக்கின் உருவத்திலேயே வெளியே வந்தது. அதை அவர் ஈயச் சொம்பு மாதிரி ஏந்திக்கொண்டு போனது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. விஷயம் அக்காவின் காதுக்குப் போனது. வந்தார், கதவில் தன்னுடைய பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். ஒரு சாவியை என்னிடம் கொடுத்தார்.

அதன் பிறகுதான் தெர்மாமீட்டர் முள் ஏறத் தொடங்கியது. மைனஸ் பதினெட்டு பதினாறானது. குளிரூட்டும் மெஷின் மூச்சு விடாமல் ஓடியும் பதிமூன்றுக்கு வந்து நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் தகடுகள் வயிறு வைத்திருந்தன. ரிவெட்டுக்கு ரிவெட் உப்பி, இடுக்குகளில் வெள்ளையாக ஐஸ் எட்டிப்பார்த்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் கிளம்புவதற்குள் சுவரின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது.

"எல்லாரும் கதவைத் தொறந்து தொறந்து மூடினதுதான் சார் காரணம்" என்றேன் முதலாளியிடம்.

முதலாளி மச்சினரைச் சொன்னார். மச்சினர் இட்லி மாவைச் சொன்னார். முதலாளியின் மனைவி, "குல்லா போட்டுக்கிட்டு உள்ளயே குடித்தனம் பண்ணது யாராம்?" என்றார். நான் நடுவில் நின்று எல்லோருக்கும் தலையாட்டினேன். நான் சொன்னதை நானே நம்பவும் செய்தேன். இரண்டு நாள்தான் அந்த நிம்மதி.

மூன்றாம் நாள் சுவர்களைத் தட்டிக்கொண்டே வந்தேன். வடக்கு, மேற்கு, தெற்கு மூன்றும் மண்மூட்டை மாதிரி சத்தம் போட்டன. கிழக்குச் சுவர் மட்டும் காலி டப்பா மாதிரி கணீரென்றது. தகடு நேராக இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெளியே வந்தேன். மேஸ்திரி மெஷின் நிழலில் படுத்திருந்தார்.

"அண்ணா, கிழக்குச் சுவருக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "அது படிக்காத செவுரு."

எனக்கு அந்தத் தார் வாசனை ஞாபகம் வந்தது. நான் கிண்டியில் அலைந்தபோது அவர் அந்தச் சுவருக்கு மட்டும் தாரைப் பூசியிருக்கிறார். கடைசியாக அந்தப் படம் ஞாபகம் வந்தது. கோட்டுப் போட்டவன் சூட்டில் இருக்கிறான். அவன் இருக்கிற பக்கம் சூடு, அதனால் ஷீட்டும் அவன் பக்கம். நம் ஊரில் சூடு ரோட்டுப் பக்கம். நான் ஈரத்தை உள்ளே வரவிட்டு, பின்னால் கதவைச் சாத்தி, தங்கி உறைந்துபோ என்று சொல்லியிருக்கிறேன்.

"தெரிஞ்சே ஏன் சொல்லலண்ணா?"

"சொன்னேனே. பனி வெளிய கீதுன்னேன். அதுக்கென்ன இப்போன்னு கேட்ட. சரி, பந்தயம் கட்லாம்னு பாத்தேன். யாரும் கெடைக்கல. அதான் எனக்குள்ளயே கட்டிகினேன்."

"மூணு சுவரு போச்சேண்ணா."

"ஒண்ணு நிக்கிது பாரு." எழுந்து உட்கார்ந்தார். "இப்போ நீயா போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நீங்க சொன்னா நீங்களும் மாட்டுவீங்க. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு அடிச்சது யாருன்னு கேப்பாங்கல்ல."

மேஸ்திரி பற்றவைக்க எடுத்த பீடியைக் கீழே போட்டார். இது அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. "இன்னாடா பேஜாரு இது" என்றார். அதற்கப்புறம் இரண்டு நாள் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம். முள் மைனஸ் பதினொன்றுக்கு வந்தது. உள்ளே அக்காவின் வஞ்சிரம் இன்னும் கல்லாகத்தான் இருந்தது. எத்தனை நாளுக்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

முதலாளி வாஸ்துக்காரர் ஒருவரை அழைத்துவந்தார். வாஸ்துக்காரர் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான்கு சுவர்களையும் பார்த்தார். கிழக்குச் சுவருக்கு முன்னால் வந்ததும் முகம் மலர்ந்தார்.

"லட்சுமி இங்கதான் நிக்கிறா சார். வாசலை வடக்குல வச்சு அவளை முதுகு காட்ட வச்சுட்டீங்க. இந்தச் சுவரை உடைச்சு வாசலை இங்க மாத்துங்க. நாப்பது நாள்ல பாருங்க."

முதலாளி அன்று மதியமே ஆள் கூப்பிட்டார். சுத்தியலோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அக்காவும் மீனைப் பார்க்க வந்திருந்தார். உருப்படியாக இருந்த ஒரே சுவரில் சாக்பீஸால் கதவின் அளவைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி கூரையைப் பார்த்தார்.

"சார், அத உடைக்காதீங்க" என்றேன். "மத்த மூணு சுவருதான் தப்பு. ஷீட்டை நான் தப்பான பக்கம் போட்டுட்டேன்."

சாக்பீஸ் பிடித்தவர் கோட்டைப் பாதியில் நிறுத்தினார். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கும் தெரியும் சார். நானும் சொல்லல" என்றார். வாஸ்துக்காரர் திசைகாட்டியைப் பையில் போட்டுக்கொண்டார்.

எங்களுக்குப் பதில் சொன்னது அக்காதான். "எந்தப் பக்கம்னு தெரியறதுக்கா இவ்ளோ இங்கிலீஸு?"

"அக்கா..."

"அப்பறம் பேசு. மீனு எத்தினி நாளு தாங்கும்? அத்தச் சொல்லு."

"சுவரைப் பிரிச்சாதான் சரி பண்ண முடியும். பிரிச்சா அன்னிக்கே இளகிடும். பிரிக்காம விட்டா ஒரு வாரம்."

அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "வெலை பாதி ஏறிக்கீது. முழுசா ஏற இன்னும் பத்து நாள் ஆவும். பத்து நாள் இது நிக்காது. நாளைக்கே வித்துடணும். ஓட்டலுக்கு நான் பேசிக்கிறேன். மிச்சத்த நீங்க ரெண்டு பேரும் வூடு வூடா வித்துக் குடுக்குறீங்க. ஒரு மீனு நாறக்கூடாது. ஒரு மீனு திரும்பக்கூடாது."

அடுத்த இரண்டு நாள் நானும் மேஸ்திரியும் ஒரு மொபெட்டில், பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, சேலையூரிலிருந்து சிட்லபாக்கம் வரை மீன் விற்றோம். முதல் தெருவில் எனக்கு வாயிலிருந்து சத்தமே வரவில்லை. மேஸ்திரி என் காதருகில், "புக்கு, வஞ்சிரம்னு கூவு. இங்கிலீஸ்ல வேணா கூவு" என்றார். மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா, "நாங்க சைவம்ப்பா" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்துவதற்கு முன்னால், "மாடியில குடியிருக்கறவா வாங்குவா, மெதுவா கேளு" என்றார். மாடியில் இரண்டு கிலோ போனது.

ஏரிக்கரைத் தெருவில் ரிட்டயர்டு சார் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மீனை அழுத்திப் பார்த்தார்.

"தடைக்காலத்துல வஞ்சிரம் ஏதுப்பா?"

"தடைக்கு முன்னால பிடிச்சது சார். கோல்டு ரூம்ல வச்சிருந்தோம்."

"கோல்டு ரூமா? இன்சுலேஷன் எல்லாம் ஒழுங்கா பண்ணியிருக்கீங்களா? வேப்பர் பேரியர் எந்தப் பக்கம் போட்டிருக்கு?"

என் கையிலிருந்த தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. மேஸ்திரி அசரவில்லை.

"ரெண்டு பக்கமும் போட்டுப் பாத்துட்டோம் சார். அரக் கிலோவா, ஒரு கிலோவா?"

ஒரு கிலோ வாங்கினார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பெட்டியில் ஐஸ் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. ஒரு மீன் நாறவில்லை, ஒரு மீன் திரும்பவில்லை. அக்கா மற்ற நான்கு பெண்களுக்கும் அவரவர் பங்கைக் கொடுத்துவிட்டுக் கோவளம் பஸ்ஸில் ஏறினார் என்று டெம்போக்காரர் வந்து சொன்னபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் கான்ட்ராக்டர் நேரில் வந்து முதல் தகட்டைப் பிரித்தார். உள்ளேயிருந்து பாலிதீன், ஐஸ், தெர்மகோல் மூன்றும் ஒரே பலகையாக விழுந்தன. பிஸ்கட் மாதிரி ஒரு விரலில் தூக்கும் தெர்மகோலை இரண்டு பேர் சேர்ந்து வெளியே கொண்டுபோனோம். அவர் என் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தைப் படித்தார். நிதானமாக முழுவதும் படித்தார்.

"புக்குல தப்பில்ல" என்றார். "நீ ஒரு விசா எடுத்துக்கிட்டு அங்க போ. அங்க கரெக்டா பண்ணுவ." பிறகு மேஸ்திரியிடம் திரும்பினார். "நீ கூடவே போ. இவன் பண்றத வேடிக்கை பாக்க ஒரு ஆள் வேணும்ல."

மேஸ்திரி தாரைக் காய்ச்சினார். நான் பூசினேன். முழங்கை வரை கொப்புளம். முதலாளியின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு மோர் கொண்டுவந்தார். ஐந்து நாளில் மூன்று சுவரும் முடிந்தன. முள் மைனஸ் பதினெட்டில் போய் உட்கார்ந்தது. முதலாளி குல்லாவோடு வந்து கதவருகில் நின்றார். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கடைசியில் அக்கா தாம்பரம் ஆபீஸுக்கு வந்து கான்ட்ராக்டரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். பத்து நாள் பொறுத்து விற்றிருந்தால் என்ன வந்திருக்கும், அவசரத்தில் விற்றதில் என்ன வந்தது என்பதை மீன்வாரியாக மனப்பாடமாகச் சொன்னார். கான்ட்ராக்டர் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். ஓர் இடத்திலும் அக்கா பிசகவில்லை. தெர்மகோல், தார், ஐஸ், டெம்போ எல்லாவற்றையும் அதோடு சேர்த்துப் பாதியைக் கான்ட்ராக்டர் ஏற்றுக்கொண்டார். மீதியை நானும் மேஸ்திரியும் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னோம். சில்லறையையாவது விடுங்களேன் அக்கா என்று கேட்டுப் பார்த்தேன், விடவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஆனது நாற்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.